முக்கடலும் ஒரு வதந்தியும்

மாலை ஐந்து மணிக்கு மேல் நாகர்கோவிலில் எங்கள் தெருமுனைத் தேநீர்க்கடை பெஞ்சியில் வந்து சேருகிற நாங்கள் ஐந்து பேரும் உத்தியோகத்தையும் வியாபாரத்தையும் விட்டு ஓய்ந்தவர்கள். ஒருவர் வங்கியில் கணக்கெழுதியவர், ஒருவர் தோவாளையிலிருந்து வெளியூர்களுக்குப் பிச்சிப்பூ அனுப்பியவர், இன்னும் இருவர் தபால் இலாகாவிலும் நில அளவையிலும் காலம் கழித்தவர்கள், நானோ முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் போதித்தவன். எங்கள் குமரி மாவட்டத்தின் மண்ணையும் மீனையும் கோயிலையும் பற்றி மற்றவருக்குத் தெரியாத விஷயம் ஒன்றைச் சொல்லி அவரை வியக்கவைப்பதே எங்கள் பொழுதுபோக்கு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், "சாரே, மூணு கடலும் சேருத எடத்துல தண்ணி ஒண்ணோட ஒண்ணு கலக்காதாம்லா, கோடு போட்ட மாதிரி நிக்குதாம்!" என்று ஒரு மாதத்துக்குள் மூன்றாம் தடவையாகச் சொல்லி, சாட்சிக்குக் கைபேசியில் ஒரு படத்தையும் நீட்டியவர், அளவுக்கல்லும் சங்கிலியுமாக வாழ்நாளைக் கழித்த அந்த நில அளவைக்காரரே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

படத்தை முதலில் பார்ப்போம். ஒருபுறம் வெளிறிய நீர், மறுபுறம் கருநீலம், நடுவே நுரைக்கோடு. அது நம் குமரிமுனையன்று, பனியாறுகள் பாறையை அரைத்துக் கொண்டுவந்து கொட்டுகிற வண்டல் நீர் ஆழ்கடலைத் தொடும் அலாஸ்கா வளைகுடா. அங்கேயும் அந்தக் கோடு நிலையானதன்று. இடம் பெயரும், கரையும், நீர் கலந்தேவிடும்.

இனி, மூன்று கடல் என்ற கணக்குக்கு வருவோம். கடல்களுக்குப் பெயரும் எல்லையும் வகுக்கிற ஒரு சர்வதேச ஸ்தாபனம் 1921-ஆம் ஆண்டு முதல் மொனாக்கோவில் இருக்கிறது. மாலுமிகளின் தேசப்படங்கள் ஒன்றுக்கொன்று முரண்படாதிருக்கவேண்டி அது 1953-இல் வெளியிட்ட எல்லை நூலின் மூன்றாம் பதிப்பை விரித்து, வங்காள விரிகுடாவின் தென்மேற்கு எல்லை எங்கே முடிகிறது என்று தேடினால், அது குமரிமுனைக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால், வடகிழக்கே, இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் வழங்கும் மணல் திட்டுகளிலேயே நின்றுவிடுகிறது. அரபிக்கடலோ லட்சத்தீவுகளுக்கும் மாலத்தீவுக்கும் மேற்கே ஒதுங்கிக்கொள்கிறது. இந்து மகா சமுத்திரம் என்று அந்நூல் தனியே குறிக்கிற பரப்பு, இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து மாலத்தீவின் தென்கடைசியான அட்டுத் தீவுகள் வரைக்கும் இழுத்த கோட்டுக்குத் தெற்கேதான் ஆரம்பிக்கிறது. அப்படியானால் நம் கன்னியாகுமரியின் பாதத்தைக் கழுவுகிற கடல் எது? லட்சத்தீவுக் கடல், மன்னார் வளைகுடாவையும் உள்ளடக்கிய அந்த ஒன்றே ஒன்று. மூன்று கடல் அங்கே சந்திக்கவேயில்லை என்றிருக்க, சந்தித்தவை கலக்குமா கலக்காதா என்று விவாதிப்பது, பெண்ணே பாராத வீட்டில் சீர்வரிசைக்குச் சண்டை போடுவதாகும்!

"பெயர் மனுஷன் வச்சது, தண்ணி கடவுள் வச்சது" என்றார் பூ வியாபாரி. நல்ல வார்த்தை, தண்ணீரையே கேட்போம். பருவக்காற்றுக்கு அடிமையான நம் கடலில், கோடையில் நீரோட்டம் மேற்கிலிருந்து குமரியையும் இலங்கையையும் சுற்றிக்கொண்டு கிழக்கே போகிறது; மாரிக்காலத்தில் திசை மாறி, கங்கையும் கோதாவரியும் நீர்த்துப்போகச் செய்த வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீர் இலங்கையை வளைந்து மேற்குக் கரைப்பக்கம் ஏறுகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை இப்படி இடம் மாறிக் குடித்தனம் நடத்துகிற நீர், கலக்காமல் எவ்விதம் நிற்கும்?

ஆயினும் நிறம் வேறுபடுகிறதே என்பீர்கள். வேறுபடத்தான் செய்கிறது: ஆழம், வெயில் விழும் கோணம், மேகம், அலை கிளப்பிவிடும் மணல் என்று காரணங்கள் பல. எங்கள் கரைமணலில் கருமையான இல்மனைட்டும் செந்நிறக் கார்னெட்டும் மஞ்சள் கலந்த மோனசைட்டும் உண்டு. கயிற்றுநாரோடு கப்பலேறிப் போன மணலைக் கண்டு ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் 1909-இல் மணவாளக்குறிச்சியின் மோனசைட்டை உலகுக்கு அறிவித்த கதை எங்கள் பக்கத்தில் பிரசித்தம். நின்றுபோன தேவியின் கல்யாணத்து அரிசியும் பருப்புமே இந்த வண்ண மணலாயின என்று என் பாட்டி சொன்னதையும் நான் மறுக்கமாட்டேன். அது புராணம், தன்னைப் புராணம் என்றே சொல்லிக்கொள்கிறது. ஆடி அமாவாசையில் முக்கடல் என்று ஸ்நானம் செய்கிறவரோடும் எனக்கு வழக்கில்லை. விஞ்ஞானம் என்று வேஷம் கட்டி வருகிற பொய்யோடுதான் வழக்கு.

மற்றவை சில்லறை. இந்தியாவின் தென்கோடி குமரிமுனை என்பது பெருநிலத்துக்கே பொருந்தும். 8 பாகையைச் சற்றுத் தாண்டி நாம் நிற்க, பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை, 2004-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோன பின்னும், 7 பாகைக்கும் தெற்கே இருக்கிறது. சித்ரா பௌர்ணமியன்று மட்டுமே சூரியன் மறையச் சந்திரன் உதிக்கும் என்கிறார்கள். எல்லாப் பௌர்ணமியும் அப்படித்தான், இல்லாவிட்டால் அது பௌர்ணமியே அல்ல. கடலில் அஸ்தமனம் வருஷம் முழுவதும் கிடைக்கும் என்று நம்பிக் கோடை விடுமுறையில் வந்து நிற்கிறவர்கள், சூரியன் வடமேற்கே கரைப்பக்கம் இறங்குவதைக் கண்டு ஏமாறுகிறார்கள். ஏறத்தாழ ஐப்பசியிலிருந்து மாசி வரை வரவேண்டும்.

மரச்சீனியை மயக்கி, மீன்குழம்பை ஊற்றித் தின்பது சங்ககாலத்து வழக்கம் என்ற தபால் நண்பரின் அபிப்பிராயமும் அவ்வாறே தவறானது. அக்கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியரோடு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடப் பெரிதும் ஊக்குவித்தார். எங்கள் பெண்கள் அண்டியாபீசில் உடைக்கிற கொல்லாங்கொட்டையும் அதே தென்னமெரிக்கச் சரக்குதான். ருசிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. நானும் தினம் தின்கிறேன்.

இத்தனைக்கும் மூலகாரணம் வகுப்பறைச் சுவரிலிருந்து தேசப்படம் இறங்கியதே என்பது என் தீர்மானமான கருத்து. நான் பணியாற்றிய காலத்தில் ஒவ்வொரு மாணவனும் கொல்லத்திலிருந்து தூத்துக்குடி வரை கரையைக் கையால் வரைந்தாகவேண்டும்; கை வரைந்த வளைவை எந்த வதந்தியாலும் நிமிர்த்த முடியாது. ஓய்வுபெற்ற பின் ஒரு பள்ளிக்குப் போய், துணியில் ஒட்டிய இந்து மகா சமுத்திரப் படம் எங்கே என்று விசாரித்தேன்; சாமான் அறையில் பழைய பெஞ்சிகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். இராமபாணப் பூச்சி மன்னார் வளைகுடாவைத் தின்று தீர்த்திருந்தது. கெஞ்சி வாங்கி வந்து, பின்புறம் வேட்டித்துணி ஒட்டி, இப்போது தேநீர்க்கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன், நில அளவைக்காரர் நேற்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓட்டை விழுந்த இடத்தில் விரலை வைத்து, "இது எந்தக் கடல் சாரே?" என்று கேட்டார்.