தண்டுவட ஆராய்ச்சிக்கு முன்வருவோர் அறிய வேண்டுவன

தண்டுவடம் சிதைந்து கைகால்களின் சுவாதீனத்தை இழந்தவர்கள் வைத்திய ஆராய்ச்சிக்கு மனமுவந்து முன்வருவது மிகவும் போற்றத்தக்க காரியம். ஆயினும், ஆராய்ச்சி வேறு, சிகிச்சை வேறு என்பதையும், அதன் பிரயோசனம் தமக்கன்றி இனி அடிபடக்கூடிய ஒருவருக்கே போய்ச் சேரலாம் என்பதையும் நன்கு உணர்ந்த பின்னரே ஒருவர் அதில் பிரவேசிக்க வேண்டும்.

முதற்கண், தம் ஸ்திதியைத் திட்டமாக அறிந்துகொள்ளுதல் அவசியம். அடிபட்ட தேதி, கழுத்து, மார்பு, இடுப்பு என்னும் பகுதிகளுள் எதில் எத்தனையாவது மட்டத்தில் சேதம் உள்ளது, 'ஏ' முதல் 'ஈ' வரை ஐந்து படிகளில் சேதத்தின் கடுமையைக் காட்டும் ஏஷியா (ASIA) அளவுகோலில் தமக்குரிய படி யாது ஆகிய மூன்றையும் மறுவாழ்வு மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அடிபட்ட முதற்சில மாதங்களில் உடல் தானாகவே ஓரளவு தேறுவதுண்டாகையால், எவ்வளவு காலத்துக்கு முன் அடிபட்டவர் என்பதைப் பொறுத்தே பல ஆய்வுகள் ஆட்களைச் சேர்க்கின்றன.

அடுத்து, 2007-இல் தொடங்கப்பெற்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டை இணையத்தில் தேடுக. கட்டணமின்றி எவரும் பார்க்கக்கூடிய அப்பதிவேட்டில் யாரைச் சேர்ப்பார்கள், எந்த ஊரில் நடக்கிறது, நெறிமுறைக் குழு அனுமதித்ததா என்பன காணப்படும். மருந்து மட்டுமே ஆராய்ச்சியன்று. படுக்கைப்புண், சிறுநீர்ப்பை, சக்கர நாற்காலி பற்றிய ஆய்வுகளும் அன்றாட வாழ்வுக்குப் பெருந்துணையாவன. ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் மாத்திரம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். தண்டுவடச் சேதத்துக்கு அதனை முறையான பரிசோதனைக்கு வெளியே செலுத்தலாகாதென்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நம்பிக்கையை விலைபேசும் அத்தொழிலைக் காட்டிலும் கொடியது வேறொன்றை நான் அறியேன்.

சம்மதப் பத்திரத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, குடும்பத்தாருடன் அமர்ந்து படிக்க வேண்டும். பின்னர் ஆய்வாளரிடம் கேட்க வேண்டியவை இவை: குலுக்கல் முறையில் தாம் புதிய சிகிச்சை கிட்டாத பிரிவில் வைக்கப்படக்கூடுமா? இதிற் சேர்ந்தால் பின்னொரு நாள் வேறோர் ஆய்வில் இடமில்லாமற் போகுமா? உயிரணு மாற்று ஆய்வுகளில் இது பெரிதும் நிகழக்கூடியதாகையால், இக்கேள்வியைக் கேளாமல் கையொப்பமிடுதல் கூடாது. ஆய்வின் காரணமாகத் தீங்கு நேரின் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டென்று மருந்துப் பரிசோதனைகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எந்த நிலையிலும் காரணம் கூறாமலே விலகிக்கொள்ளலாம். அதனால் வழக்கமான சிகிச்சை தடைப்படலாகாது. பத்திரத்தைத் தாமே படிக்க இயலாதவருக்குப் பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

ஆய்வு நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உணர்வற்ற உடல் கடினமான மேசையில் நெடுநேரம் கிடப்பின் புண் உண்டாகுமாதலால், மெத்தை இடுமாறும் அடிக்கடி புரட்டிவிடுமாறும் முன்கூட்டியே கேட்டுக்கொள்க. மார்புப் பகுதியின் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே இரத்த அழுத்தம் அபாயகரமாக உயரக்கூடும். கடும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் கண்டால், உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, சிறுநீர் ட்யூப் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, மருத்துவரை அழைக்கும்படி அங்குள்ளோருக்கும் துணைக்கு வருபவருக்கும் சொல்லி வைத்தல் வேண்டும். சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை உண்டா, துணையாளுக்கும் வண்டிச் செலவு தருவார்களா என்பவற்றை விசாரிப்பதில் கூச்சம் வேண்டாம்.

சம்மதப் பத்திரத்தின் பிரதி ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு, ஆய்வு முடிந்தபின் அதன் முடிவைத் தமக்கு அறிவிக்கும்படியும் அன்றே கேட்டு வைக்கலாம்.