கிழங்குக் கழிநீரும் ஆராய்ச்சி உதவித்தொகையும்

முனைவர் பட்டத்திற்கு ஆராயப் புகுவோர்க்கு மாதந்தோறும் பொருளுதவி நல்கும் ஏற்பாடுகள் நம் நாட்டில் உள்ளன என்பதை நம் மாணவர் பலர் அறியார். அறிந்தாருள்ளும் சிலர், அவை பெருநகரத்தார்க்கே உரியன என்றெண்ணி வாளா இருந்துவிடுகின்றனர். ஆராய்தற்குரிய பொருளோ நம் வாயிலிலேயே கிடக்கின்றது.

ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம் முதலிய ஊர்ப்புறத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்முள் அறியாதார் யாவர்? மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து அரைத்துப் பாலெடுத்து, மாவைப் படியவிட்டபின் எஞ்சும் கழிநீர் மிகுதி. வெளியே தேங்கின் அது புளித்து நாறும். கிணற்று நீரையும் கெடுக்கும். அதனையே காற்றுப் புகாத தொட்டியில் அடைத்தால், நுண்ணுயிர்கள் அதிலுள்ள மாப்பொருளைச் சிதைத்து மீதேன் வாயுவை உண்டாக்கும். அவ்வாயு அடுப்பெரிக்கவும் மின்சாரம் ஆக்கவும் பயன்படும்.

ஆயினும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. கிழங்கு நீரில் அமிலம் உண்டாக்கும் உயிர்கள் விரைந்து பெருகும். மீதேன் ஆக்குவனவோ மெல்லப் பெருகும். அமிலம் மிகுந்தால் பின்னவை செயலற்றுப் போகும். நாமக்கல் கோழிப்பண்ணை எருவின் குறை இதற்கு மறுதலையானது. அதில் நைட்ரஜன் மிகுந்து, அம்மோனியாவாகி, அவ்வுயிர்களை நலிவிக்கின்றது. 1997ஆம் ஆண்டு சேலத்தினின்றும் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று எனினும், கழிவுகளை மட்டுமேனும் மீண்டும் சேர்த்துவைத்தல் நலம் போலும்! எவ்வளவிற்கு எவ்வளவு கலப்பது, எந்திரத்தை அரிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை எவ்வாறு குறைந்த செலவில் நீக்குவது என்பன, தொட்டியருகே மாதக்கணக்கிற் காத்திருந்து அளந்து காணவேண்டியவை. அத்துணைக் காலம் காத்திருப்பவனது வீட்டில் உலை ஏறுவது எங்ஙனம்? கூலிக்குச் செல்லும் பெற்றோர் தம் மகனை, மகளை, இன்னும் ஐந்தாண்டு படியென்று விடுவரோ?

இதற்கே உதவித்தொகை ஏற்பட்டது. 'கேட்' தேர்வில் தேறி, ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நிலையங்களில் முழுநேர ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு முதல் ஈராண்டு மாதம் ரூ. 37,000, பின்னர் ரூ. 42,000 என 2023 ஜனவரி முதல் விகிதம் உயர்த்தப்பட்டது. 'நெட்' தேர்வு வழி இளநிலை ஆராய்ச்சி உதவி பெறுவோர்க்கும் அதே தொகை. தமிழ் பயிலும் நமக்கும் அவ்வழி திறந்தேயுள்ளது. 2018இல் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆராய்ச்சி உதவித் திட்டம் ரூ. 70,000இல் தொடங்கி ரூ. 80,000 வரை வகுத்ததோடு, ஆய்வுச் செலவிற்கு ஆண்டிற்கு ரூ. 2 லட்சமும் ஒதுக்கியது.

சிறுபான்மையோர்க்கென 2009இல் தோன்றிய மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23ஆம் ஆண்டு முதல் நிறுத்தப்பட்டது. பிற திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதே காரணம் என அரசு கூறிற்று. நமக்கு அக்காரணம் நிறைவளிக்கவில்லை. பொதுத் தேர்வில் முந்துவோர் வேறு, தம் குடியில் முதன்முதற் கல்லூரி கண்டோர் வேறு. தமிழ்நாட்டரசு முழுநேர முனைவர் பட்ட மாணவர்க்கு ஆண்டுக்கு ரூ. 1 லட்சம் வழங்கும் திட்டத்தில், ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு கிறிஸ்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடரையும் சேர்த்துள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது.

நம் தம்பி தங்கையர் பொறியியல் பயில்வாராயின், 'கேட்' தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம் என்பதையும், அதன் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும் என்பதையும் அவர்க்கு இவ்விடுமுறையிலேயே சொல்லுக.