எந்த குரூப்பும் சேரலாம். அதற்குப் பிறகுதான் படிப்பு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் நெரியும். பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ், நர்சிங் என்று பெயர்கள் பறக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் சமூகவியல் என்று வாயெடுத்தால் போதும். "சோசியாலஜியா? அத எடுத்து என்னம்மா பண்ணப் போற?" என்று சித்தப்பா முதல் பக்கத்து நாற்காலிக்காரர் வரை ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். அந்தத் தீர்ப்புகளில் பாதிக்கு மேல் தவறு. சில, பிள்ளைகளின் மூன்று வருடங்களையே திசை மாற்றிவிடக் கூடியவை.

பள்ளியில் சமூகவியல் படித்திருந்தால்தான் கல்லூரியில் சேர முடியும் என்பது முதல் நம்பிக்கை. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் மேல்நிலை வகுப்பில் சமூகவியல் என்ற பாடமே கிடையாது. சி.பி.எஸ்.இ.யில் உண்டு. பள்ளியில் இல்லாத பாடத்தைக் கல்லூரி எப்படிக் கேட்கும்? பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருந்தால் போதும். உயிரியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் பி.ஏ. சமூகவியலில் ஒரே பெஞ்சில் உட்காரலாம். அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வும் இல்லை, மதிப்பெண் தரவரிசைதான்.

மானிடவியலுக்குக் கணக்கு வேறு. அது பாதி கலை, பாதி அறிவியல். டெல்லி பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ஹானர்ஸ் மானிடவியலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945 முதல் மானிடவியல் துறை இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இந்தப் பாடம் பெரும்பாலும் முதுகலையில்தான் கிடைக்கிறது, இளங்கலையில் அரிது. எனவே மானிடவியலில் ஆசை உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவருக்கு நடைமுறையில் இரண்டு வழிகள். இங்கே சமூகவியலோ வரலாறோ படித்துவிட்டு முதுகலையில் மாறுவது ஒன்று. மதுரையில் மண்டல மையம் வைத்திருக்கும் இக்னோ போன்ற தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகவே மானிடவியல் படிப்பது மற்றொன்று.

"கணக்கும் இல்ல, கஷ்டமும் இல்ல, சும்மா படிச்சா பாஸ்." இரண்டாவதாக வரும் இந்தப் பேச்சுதான் மாணவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. வாசல் அகலமாக இருப்பதால் உள்ளே எல்லாம் எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 140 கிரெடிட் சேர்க்க வேண்டும். முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், அதற்குப் பிறகே முதன்மைப் பாடமும் துணைப் பாடங்களும். 75 சதவீத வருகைப்பதிவு இல்லாமல் தேர்வு எழுதுவது சிரமம்.

பல்கலைக்கழக மானியக் குழு முன்பு வகுத்த மூன்றாண்டு ஹானர்ஸ் பாடத்திட்டத்தில் சமூகவியலுக்கு 14 முதன்மைத் தாள்கள் இருந்தன. மார்க்ஸ், வெபர், துர்கைம் போன்ற சிந்தனையாளர்களுக்கு மட்டும் இரண்டு. உறவுமுறை, மதம், பாலினம், சமூக அடுக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனித் தாள்கள். ஆய்வு முறைகளுக்கு இன்னும் இரண்டு. கணக்கைப் பார்த்து ஓடி வந்தவர்கள் திகைப்பது அங்கேதான். சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், மாதிரி எடுத்தல் என்று புள்ளியியல் வந்து நிற்கும். இக்னோவின் மூன்றாண்டு மானிடவியல் ஹானர்ஸில் மனித மரபியலும் தடய மானிடவியலும்கூடத் தாள்களாக இருந்தன. அதற்கு மொத்தம் 148 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்று அந்தப் பல்கலைக்கழகமே கணக்கு வைத்திருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 4,440 மணி நேரம்.

புள்ளியியலைவிடக் கடினமானது களப்பணி. உறவுமுறைப் படம் வரைவதை எடுத்துக்கொள்வோம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி, உடன்பிறப்புகளுக்கு மேலே ஒரு கோடு. கேட்க எளிது. ராஜபாளையத்தில் ஒரு பாட்டியின் முன்னால் உட்கார்ந்து வரையத் தொடங்கினால், அத்தை மகளைக் கட்டியவர், அக்கா மகளைக் கட்டியவர் என்று சமக்குறிகள் தலைமுறை தாண்டிக் குறுக்கே ஓடும். ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் முக்கோணம் போட வேண்டிவரும். தாளைக் கசக்கிப்போட்டு மறுபடி தொடங்கத்தான் வேண்டும். ஆய்வாளர் தாமஸ் டிரவுட்மன் 1981-இல் ‘திராவிட உறவுமுறை’ என்று ஒரு புத்தகமே எழுதும் அளவுக்கு ஆழமான விஷயம் இது. நம் ஊர்ப் பிள்ளைக்கு அது வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. இந்த வசதியைக் கல்லூரிகள் இன்னும் துணிந்து பயன்படுத்தலாம்.

மானிடவியல் என்றால் எங்கோ அமேசான் காடு, ஆப்பிரிக்கா, எலும்புக்கூடு என்று நினைப்பவர்கள் மேற்கே திரும்பி மலையைப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி பளியர் என்ற பழங்குடியினரின் வாழிடம். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய செண்பகத்தோப்பிலும் அவர்களுக்குக் குடியிருப்பு உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960-களின் தொடக்கத்தில் பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்தார். ஒருவரை ஒருவர் அதிகாரம் செய்யாமை, சண்டை வந்தால் பதிலடி கொடுக்காமல் விலகிப் போய்விடுதல் ஆகியவற்றை அவர் விரிவாகப் பதிவு செய்தார். வன்முறையைத் தவிர்க்கும் சமூகங்களைப் பற்றிய உலக விவாதத்தில் பளியர்களின் பெயர் இடம்பெற அந்த எழுத்துகள் முக்கியக் காரணம். 2000-இல் அவர் பளியர்களைப் பற்றித் தனி நூலும் வெளியிட்டார். அமெரிக்காவிலிருந்து ஒருவர் இந்த மலையைத் தேடி வந்திருக்கிறார். மலையடிவாரத்தில் பேருந்து ஏறும் மாணவருக்கு கார்ட்னரின் பெயரைச் சொல்ல ஆளில்லை என்பது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மலைக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளில் குடும்பத்தில் யார் எந்த வேலை செய்கிறார்கள்? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை எந்த ஊர்க்காரர்கள் எந்த உரிமையோடு இழுக்கிறார்கள்? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவால் பால் ஊற்றுபவருக்கு என்ன மாறியது? ஒவ்வொன்றும் ஒரு ஆய்வேட்டுக்குரிய கேள்வி. தமிழறிஞர் தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றிச் செய்த ஆய்வு தமிழ்த் துறையில் நடந்ததுதான். ஆனால் கோயிலுக்கும் சுற்றியுள்ள சாதிகளுக்கும் உள்ள உறவை அது ஆராய்ந்த விதத்தில் எந்த மானிடவியல் மாணவரும் பாடம் கற்கலாம்.

சோசியாலஜியும் சோசியல் வொர்க்கும் ஒன்று என்பது அடுத்த குழப்பம். இரண்டும் வேறு. மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ சமூகப்பணியாளராக விரும்புபவருக்கு உதவுவது பி.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்.டபிள்யூ. சமூகவியல் பட்டதாரி எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம், ஆனால் பி.ஏ. மட்டும் அந்த வேலைக்கான தகுதி ஆகிவிடாது.

ஐ.ஏ.எஸ். கனவுக்கு இந்தப் பட்டம்தான் வேண்டும் என்பதும் சரியல்ல. சமூகவியலும் மானிடவியலும் முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடங்கள். தலா 250 மதிப்பெண்ணில் இரண்டு தாள்கள். எந்தப் பட்டதாரியும் அவற்றை எடுக்கலாம்.

பெற்றோர் அதிகம் கவனிக்க வேண்டியது ஆசிரியர் வேலை பற்றிய கணக்கை. "டிகிரி முடிச்சு ஒரு பி.எட். போட்டா வாத்தியார் வேலை" என்பது நம் பக்கத்தில் வேரூன்றிய நம்பிக்கை. தமிழ் அல்லது வரலாறு படித்தவருக்கு அது பொருந்தும். சமூகவியலுக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டு பி.எட். சேர்க்கை விதிகளில் பொருளியல், வணிகவியல், அரசியல் அறிவியல், உளவியல், சமூகவியல் போன்ற பாடங்களுக்கு முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். எனவே ஆசிரியர் பயிற்சிதான் இலக்கு என்றால், பி.எட்.டுக்கு முன் ஐந்து வருடப் படிப்பு என்று முதலிலேயே திட்டமிட வேண்டும். எம்.ஏ. சமூகவியலுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

தபாலில் படித்த பட்டம் செல்லாது என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம். தமிழ்நாடு அரசு வேலையில் பார்ப்பது வேறொன்றை: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசை. பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது சிக்குவது இந்த வரிசையில்தான். அதனால் மில் வேலைக்கு இடையில் படிக்க நினைப்பவர்கள் முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டு, பிறகு பட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்பது நல்லது.