டொலர் இல்லாததைப் பசுமை என்று சொல்லாதீர்கள்

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. கொரோனா சுற்றுலாவைப் படுக்கவைத்தது உண்மைதான். ஆனால் 2019 கடைசியில் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8க்கு வெட்டியது கொரோனா அல்ல. 2022க்குப்பின் நாடு எழுந்து, 2024இல் 5 சதவீத வளர்ச்சி கண்டது. 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தை நீர், காற்று, வெயிலிலிருந்து எடுப்பது என்ற இலக்கும் இருக்கிறது. அந்த இலக்கை வைத்துக் கொள்கை எழுதப்போகிறவர்களுக்கு இந்தப் பட்டியல்.

செய்யக்கூடாதவை

• கஜானா காலியானதற்குப் பச்சை வண்ணம் பூசக்கூடாது. 2021 மே மாதம் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு இரசாயன உர இறக்குமதி நின்றது. சேதன விவசாயம் என்றார்கள். டொலர் மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது விவசாயிக்கு விளங்காமலில்லை. பெரும்போகம் தொடங்கும்போது யூரியாவும் இல்லை, போதிய சேதனப் பசளையும் இல்லை. சீனாவிலிருந்து வந்த ஒரு கப்பல் சேதன உரத்தில் கிருமி இருக்கிறதென்று இறக்க விடாமல் திருப்பினோம். கடைசியில் அதற்கும் 67 இலட்சம் டொலருக்கு மேல் கட்டினோம். நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் பல வயல்களில் பயிர் வெளுத்துவிட்டிருந்தது. 2022இல் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. கால் நூற்றாண்டில் காணாத வீழ்ச்சி அது. டொலரை மிச்சம் பிடிக்கப் போய், டொலர் கொண்டுவரும் பயிரையே வாடவிட்டோம். மலையகத்தில் இதன் கணக்கு தராசடியில் தெரியும்: கொழுந்து குறைந்தால் நிறுவை குறையும், நிறுவை குறைந்தால் அன்றைக்கு அரைப்பெயர், அதாவது அரைநாள் சம்பளம்.

• விலையை வருடக்கணக்கில் கட்டிவைத்து ஒரே நாளில் அவிழ்க்கக்கூடாது. ஒன்பது ஆண்டுகள் ஏறாதிருந்த மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும், ஆறு மாதம் கழித்து இன்னும் 66 சதவீதமும் ஏறியது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய். எரிபொருள் மானியம் நல்லதல்ல என்பது சரியான வாதம். ஆனால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கடலுக்குப் போகிற படகுக்கு மாற்று எஞ்சின் எங்கே என்று யாராவது முதலில் கேட்டிருக்கலாம்.

• இல்லாமையைச் சிக்கனமாகக் கணக்குக் காட்டக்கூடாது. 2022இன் 13 மணி நேர மின்வெட்டில் புகை குறைந்திருக்கும்தான்.

• போட்டிக் கேள்விப்பத்திரம் இல்லாமல் பெரிய காற்றாலையைக் கையளிக்கக்கூடாது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் நிறுவ அதானி நிறுவனத்துக்கு அப்படித்தான் வழிவிட்டார்கள். அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்பது அதிகம் என்ற சர்ச்சை எழுந்தது. புதிய அரசு விலையைத் திரும்பப் பேச முனைய, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. மன்னார் மக்களின் கவலை வேறு. தீவில் வெள்ளம் வடிய வழி வேண்டும். வலசைப் பறவைகளின் பாதையும் அதுதான். ஏற்கெனவே அங்கே மின்சார சபை நிறுவிய 30 காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றாலை கூடாதென்று சொல்கிறவர்களாக அவர்களைக் காட்டுவது சோம்பேறித்தனம்.

செய்ய வேண்டியவை

• சூரியத் தகட்டை எண்ணும் முன் பற்றரியை எண்ணுங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாக அமைச்சர் சொன்னார், நாடே இருண்டது. சிரித்து முடித்தபின் பார்த்தால், சங்கதி குரங்கு அல்ல. விடுமுறை நாளில் தேவை குறைவு, கூரைகளிலிருந்து வரும் சூரிய மின்சாரம் அதிகம், கனமாகச் சுழன்று அதிர்வைத் தாங்கும் பெரிய இயந்திரங்கள் குறைவு. அந்த வேளையில் ஒரு தட்டுத் தட்டினாலே கட்டமைப்பு சரியும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்று, பிறகு சில நாட்கள் மின்வெட்டு. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைத் தகடுகளை அணைத்துவையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. கடன் வாங்கித் தகடு போட்டவருக்கு எப்படி இருக்கும்? பகல் வெயிலை இரவு ஏழு மணிக்குக் கொண்டுபோகிறவருக்குக் கூடுதல் விலை கொடுங்கள். பற்றரி தானாக வரும்.

• டீசல் விலை அதிகம் உறைக்கும் இடத்தில் தொடங்குங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் ஜெனரேற்றருக்கு டீசல் படகேறித்தான் போக வேண்டும். காற்றும் வெயிலும் கலந்த திட்டம் 2021இல் சீன நிறுவனத்துக்குப் போய், இந்தியா முகம் சுளிக்க நின்று, 2024இல் இந்திய நன்கொடையாகத் திரும்ப ஒப்பந்தமானது. மூன்று ஆண்டுகள் டீசல்தான் எரிந்தது. தீவுக்காரரிடம் யாருடைய கொடி என்று கேட்டால், மின்குமிழ் எரிந்தால் போதும் என்பார்கள்.

• வேலை செய்ததைக் குப்பையில் போடாதீர்கள். 2022 ஓகஸ்டில் கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று பங்கிட்டதும் நாள்கணக்கில் நீண்ட பெற்றோல் வரிசைகள் கரைந்தன. அதே வகைப் பதிவை வைத்து, மானியத்தை விலையில் கலக்காமல் மீனவர் பெயரிலும் சிறு விவசாயி பெயரிலும் நேரே போடலாம்.

• பேருந்தைக் கவனியுங்கள். மின்சாரக் கார் வாங்க வசதியுள்ளவருக்கு வரிச்சலுகை கொடுப்பதைவிட, மாலை ஆறு மணிக்குப் பிறகும் கிராமத்துக்குப் போகிற ஒரு பேருந்து அதிக பெற்றோலை மிச்சம் பிடிக்கும்.