கூண்டில் நிற்பவரின் மொழி

அறிவியல் மாணவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். இந்நகரில் கட்டட வேலை செய்யும் தமிழர் ஒருவர், தம்மீது நடந்த குற்ற வழக்கின் விசாரணை முடிந்து திரும்பினார். “தம்பி, என்னைப் பத்தித்தான் பேசுனாங்க, என்ன பேசுனாங்கன்னுதான் தெரியலே” என்றார். அன்று சட்ட நூலைப் புரட்டினேன்.

நீதிமன்றத்தின் மொழி வேறு. குற்றஞ்சாட்டப்பட்டவர் புரிந்துகொள்ளும் உரிமை வேறு. உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் அரசியலமைப்பின் 348ஆம் விதி ஆங்கிலத்தையே பொதுவிதியாக வைக்கிறது. கீழமை நீதிமன்றங்களின் மொழியை அந்தந்த மாநில அரசு முடிவு செய்கிறது. ஆகவே, பிற மாநிலத்தில் தமிழிலேயே வழக்கை நடத்துமாறு கோர இயலாது.

ஆயின், மற்றொன்றைக் கோரலாம். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 சூலை 1 முதல் வழங்கிவருவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 314ஆம் பிரிவு யாது கூறுகிறது? குற்றஞ்சாட்டப்பட்டவர் நேரில் இருக்கையில், அவருக்கு விளங்காத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், திறந்த நீதிமன்றத்திலேயே அவருக்கு விளங்கும் மொழியில் அதனைப் பெயர்த்துரைக்க வேண்டும். பழைய சட்டத்தின் 279ஆம் பிரிவும் இதனையே கூறிற்று. ஒன்று நினைவிருக்கட்டும்: இப்பிரிவு சாட்சியத்துக்கே உரியது, வழக்கறிஞர்களின் வாதத்துக்கு அன்று.

வாய் திறந்து கேளாவிடில் இவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே. “எனக்கு இம்மொழி விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்” என்று நீதிபதியிடம் அப்போதே சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை இவ்வூர் மொழியில் நம் தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். இரு மொழியும் அறிந்த மாணவர்க்கு அஃது அரிய செயலன்று.