விடை தெரியாவிட்டாலும் வாய் திறக்கட்டும்!

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் படிப்பை முடிக்கப் போகிறதா? கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் என்று பெரிய கம்பெனி ஒன்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை கண்விழிக்கிறதா? அப்படியானால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

சமயபுரத்தில் என்னிடம் வருகிற தாய்மார்கள் பலர், "பையனுக்கு இன்டர்வியூ வருது டாக்டர், ஞாபகசக்திக்கு ஏதாச்சும் சூரணம் குடுங்க" என்கிறார்கள். துவாக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது (1964-ல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கி 2003-ல் பெயர் மாறியதே, அதேதான்). சுற்றுவட்டாரத்தில் தனியார் பொறியியல் கல்லூரிகளும் ஏராளம். ஆகவே இந்தக் கேள்விக்குப் பஞ்சமில்லை. வல்லாரை நல்ல மூலிகைதான். ஆனால் இந்த இன்டர்வியூ ஞாபகசக்திக்கு வைக்கிற பரீட்சை இல்லையே!

அங்கே நடப்பது இதுதான். முதலில் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு. அதில் தேறினால், பெரும்பாலும் முக்கால் மணி நேரம் வீதம் நான்கைந்து சுற்றுப் பேட்டி. 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வீடியோவில் நடப்பதும் சகஜமாகிவிட்டது. எதிரே அந்தக் கம்பெனியின் என்ஜினீயர் உட்கார்ந்து, ஒரு கணக்கைக் கொடுத்து, அதற்குப் புரோகிராம் எழுதச் சொல்வார். பல இடங்களில் எழுதியதை ஓட்டிப் பார்க்கவும் முடியாது. எழுதும்போதே மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு.

இங்கேதான் நம் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். "தெரிஞ்சா சொல்லு, தெரியலைன்னா சும்மா இரு" என்று சின்ன வயசிலிருந்து பழக்கியது நாம்தானே? விடை முழுசாகக் கிடைக்கிற வரைக்கும் பிள்ளை உதட்டை இறுக மூடிக்கொண்டிருக்கும். உள்ளே மூளை அருமையாக வேலை செய்துகொண்டிருக்கலாம். எதிரே இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு சின்ன உதாரணம் பாருங்கள். கடையில் ஆயிரம் சாமான். ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு. எந்த இரண்டைச் சேர்த்தால் சரியாக நூறு ரூபாய் வரும்? இது ரொம்பப் பழைய இன்டர்வியூ கணக்கு. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்ப்பது முதல் வழி. அதில் 4,99,500 ஜோடிகள் வரும்! இரண்டாவது வழியில் ஒரு நோட்டை வைத்துக்கொள்ள வேண்டும். 35 ரூபாய்ச் சாமானைப் பார்த்தால், நோட்டில் 65 இருக்கிறதா என்று தேடு. இல்லையென்றால் 35-ஐக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போ. ஆயிரம் சாமானையும் ஒரே ஒருமுறை சுற்றி வந்தால் போதும். பிள்ளை செய்ய வேண்டியது என்ன? முதல் வழியைத் தயங்காமல் சொல்லி, "இது ரொம்ப நேரம் பிடிக்கும், வேறு வழி யோசிக்கிறேன்" என்று பேசிக்கொண்டே இரண்டாவதற்குப் போவதுதான்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரே சாமானை இரண்டு தரம் எடுக்கலாமா? ஜோடியே கிடைக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும்? இதையெல்லாம் எதிரே இருப்பவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். கணக்கைப் பாதி மறைத்துக் கொடுப்பதே, பிள்ளை கேட்கிறதா என்று பார்க்கத்தான். வைத்தியத்திலும் இதே கதைதான். "வயிறு வலிக்குது" என்றதும் மருந்துச் சீட்டு எழுதுகிறவர் வைத்தியரா? எங்கள் எண்வகைத் தேர்வில் நாடி, நா, விழியோடு மொழியும் ஒன்று. நோயாளி பேசுகிற விதத்தைக் கவனிப்பதும் பரிசோதனைதான். அந்த என்ஜினீயரும் உங்கள் பிள்ளைக்கு மொழித் தேர்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் பேச்சுதான். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் இன்டர்வியூவுக்குப் போனார். அது புரோகிராம் எழுதுகிற வேலை அல்ல, தயாரிப்பு மேலாண்மைப் பணி. அன்றைக்குத்தான் ஜிமெயில் அறிவிப்பு வெளியாகியிருந்தது. அதைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். முட்டாள்கள் தின வேடிக்கையாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். பயன்படுத்திப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். நான்காவது சுற்றில் ஒருவர் ஜிமெயிலைத் திறந்தே காட்டினார். ஐந்தாவது சுற்றில்தான் கருத்துச் சொல்ல முடிந்ததாம். 2017-ல் ஐ.ஐ.டி. கரக்பூர் மாணவர்களிடம் அவரே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

சரி, உடம்புக்கு வருவோம். பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்தின் பாலபாடம். இன்டர்வியூவுக்குப் படிக்கிற பிள்ளை அதில் தூக்கம், பசி, தாகம், சிறுநீர் நான்கையும் ஒரே நேரத்தில் அடக்குகிறது! தூக்கம் கெட்டால் வாத பித்தம் நிலைகுலையும் என்பது எங்கள் கணக்கு. தூங்காத மூளையில் படித்தது சரியாகப் பதியாது என்று நவீன மருத்துவமும் சொல்கிறது. நாக்கு குழறும், சொல் சிக்காது. அதனால் கடைசி ஒரு வாரமாவது பத்தரை மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.

அன்றைய சாப்பாடு இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் என்று பழகியதாகவே, அரை வயிற்றுக்கு இருக்கட்டும். வழக்கமான காபி போதும். தெம்புக்கென்று மூன்றாவது டம்ளர் வேண்டாம். கை எட்டும் தூரத்தில் இளஞ்சூட்டில் சீரகத் தண்ணீர் வையுங்கள். எண்ணெய்க் குளியலை இரண்டு நாள் முன்பே முடித்துவிடலாம். அன்றைக்கே குளித்தால் அசதி வரும். சமயபுரத்தாளே பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள். நீங்களும் விரதம் இருங்கள், பரவாயில்லை. பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். அமுக்கரா சூரணத்தை முந்தின நாள் ஆரம்பிப்பதில் பிரயோஜனம் கிடையாது. தைராய்டு, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

பயிற்சிக்கு ஆள் தேட வேண்டாம், அம்மாவே போதும். தினம் அரைமணி எதிரே உட்காருங்கள். கணக்கு புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் சத்தம் இல்லையென்றால், "இப்ப என்ன யோசிக்கிறே?" என்று கேளுங்கள், போதும். இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

உள்ளங்கை வேர்ப்பதும் நெஞ்சு படபடப்பதும் இயல்பு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக்கினால் தணியும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்கிற பேச்சு வருகிறது என்றால் கஷாயத்தை நம்பி உட்காராதீர்கள். உடனே மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

வேலை கிடைக்காவிட்டால் பல கம்பெனிகள் காரணம்கூடச் சொல்வதில்லை. சில மாதம் கழித்து மறுபடி மனுப் போட அனேகமாக இடம் உண்டு. அதனால் இன்டர்வியூ முடிந்த அன்றைக்கே எந்த இடத்தில் பேச்சு நின்றது என்று ஒரு நோட்டில் பிள்ளையை எழுதி வைக்கச் சொல்லுங்கள். "என்னாச்சு?" என்று நீங்கள் கேட்பதை மறுநாள் காலை வரை தள்ளிப் போடுங்கள்.