வீட்டு முயலுக்கு நகமும் ரோமமும் பராமரிக்கும் முறை

நார்த்தாமலைச் சுற்றுவட்டாரம் பாறையும் செம்மண்ணும் கலந்த மேட்டு நிலம். ஆடு, கோழியுடன் இரண்டு மூன்று முயல்களையும் வைத்திருக்கும் வீடுகள் இப்பகுதியில் உண்டு. இவற்றுள் பல, விலைக்கு வாங்கியவை அல்ல. பண்ணை வைத்துக் கைவிட்டவர்களிடமிருந்தோ, மாற்றலாகிப் போகும் உத்தியோகஸ்தர் வீட்டிலிருந்தோ வந்து சேர்ந்தவை. இவ்வாறு வரும் முயலுக்குத் தீவனமும் கூண்டும் கிடைத்துவிடுகின்றன. நகத்தையும் ரோமத்தையும் கவனிப்போர் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வூரை அடுத்த ஒரு குடியானவர் வீட்டுக்கு இரண்டு முயல்கள் இப்படி வந்தன. கம்பிவலைத் தரையிட்ட கூண்டு செய்யும்படி யோசனை சொன்னவன் நான். நகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு முயலின் வளைந்த நகம் வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டது. இரவெல்லாம் உதறி இழுத்ததில் விரலே பிய்ந்து, புண் சீழ் பிடித்து, பத்தாம் நாள் முயல் இறந்தது. அதை வளர்த்த சிறுமி என்னிடம், "நகம் வெட்டணும்னு நீங்க சொல்லலையே, ஐயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குரிய பதிலே இக்கட்டுரை.

நகம் ஏன் நீளுகிறது?

மண்ணில் வளை தோண்டி வாழும் முயலுக்கு நகம் தானே தேய்ந்துவிடும். கூண்டில் அடைபட்ட முயலுக்குத் தேய வழியில்லை. நீண்ட நகம் வலையில் சிக்கும்; பாதம் கோணிப்போகும்; பிரசவப் பெட்டியில் குட்டிகளைக் கீறும்; தூக்குகிறவர் கையையும் கிழிக்கும்.

முயலுக்கு முன்னங்கால் ஒவ்வொன்றிலும் 5, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் 4, ஆக மொத்தம் 18 நகங்கள் உள்ளன. முன்னங்காலின் உட்புறம் சற்று மேலே இருக்கும் ஐந்தாவது நகம் தரையில் படாது. பலரும் வெட்ட மறப்பது இதைத்தான். எனவே 18 என்று எண்ணி முடிப்பது நல்ல பழக்கம்.

வெட்டும் முறை

நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை நகத்தைப் பார்க்க வேண்டும். வெயில் தாழ்ந்த வேளையே ஏற்றது. ஒருவர் பிடிக்க, மற்றவர் வெட்டுவது எளிது.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது பெருந்தவறு. ஒரு கையை மார்புக்குக் கீழும், மறு கையைப் பின்புறத்துக்குக் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். முயலின் முதுகெலும்பு மெல்லியது, பின்னங்கால் தசையோ வலுவானது. பின்னங்கால் தொங்கும்போது பலமாக உதைத்தால் முதுகெலும்பு முறிந்து, பின்பாகம் விழுந்துவிடும். ஆகவே மடியில் உட்கார வைத்து, பழைய துண்டால் உடலைச் சுற்றி, ஒரு காலை மட்டும் வெளியே எடுக்கவும். மல்லாக்கப் போட வேண்டாம். அப்போது அது அசையாதிருப்பது சுகத்தினால் அல்ல, பயத்தினால்.

நகத்தின் உள்ளே இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை முயலில் இது இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். கறுத்த நகமாயின் பின்னாலிருந்து டார்ச் விளக்கை அடித்தால் நிழல்போல் தெரியும். அக்கோட்டுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் முன்பாக, நுனியை மட்டும் வெட்ட வேண்டும். கூர்மையான நகவெட்டி போதும். பிளேடும் மழுங்கிய கத்தரியும் நகத்தைப் பிளந்துவிடும்.

தவறி இரத்தம் வந்தால் பதற்றம் வேண்டாம். சுத்தமான பஞ்சில் படிகாரப் பொடியைத் தொட்டு, நுனியில் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு கூடாது. இரத்தம் நிற்காவிட்டாலும், நகம் வேரோடு பிய்ந்தாலும் அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லவும்.

வெகுநாள் கவனிப்பில்லாமல் வந்த முயலில், நகத்தோடு இரத்தக் குழாயும் நீண்டிருக்கும். அதை ஒரே நாளில் குறைக்க முயல வேண்டாம். பத்து நாளைக்கு ஒரு தரம் நுனியை மட்டும் வெட்டி வந்தால் குழாய் மெல்ல உள்வாங்கும்.

பாதப் புண்

முயலுக்கு நாயைப்போல் பாதத்தில் தடித்த சதைத்திண்டு இல்லை, ரோமமே மெத்தை. கம்பிமேலும் ஈரத்திலும் எந்நேரமும் நின்றால் குதிகால் ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து புண்ணாகும். கூண்டின் ஒரு மூலையில் வழவழப்பான மரப்பலகை ஒன்றைப் போட்டு, தினமும் துடைத்து உலர்த்தி வைக்கவும். நகம் வெட்டும்போதே குதிகாலையும் திருப்பிப் பார்த்துவிடலாம்.

ரோமம் சீவுதல்

வாரம் ஒரு முறை மென்மையான பிரஷ்ஷினால் ரோமம் படிந்துள்ள திசையிலேயே சீவ வேண்டும். ரோமம் உதிரும் பருவத்தில் தினமும் சீவுவது நலம். முயல் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும்; அப்போது ரோமம் வயிற்றுக்குள் போகும். முயலால் வாந்தியெடுக்க இயலாது. நார்ச்சத்துள்ள புல் போதிய அளவு தின்றால் ரோமம் புழுக்கையோடு வெளியேறும். குருணையும் தவிடும் மட்டும் போட்டால் குடல் மந்தித்து, ரோமம் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே கொழுக்கட்டைப் புல், அறுகம்புல், காய்ந்த புல் ஆகியவையே முதன்மைத் தீவனமாக இருக்கட்டும். முயல் பாதி நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டவும்.

சூபாபுல் என்னும் சவுண்டல் தழையில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. இத்தழையை அதிகம் போட்டாலும் ரோமம் கொட்டும். நோய் என்று மருந்து தேடுமுன் தீவனத்தைக் கவனிக்கவும்.

முயலைக் குளிப்பாட்டவே கூடாது. நனைந்த ரோமம் எளிதில் உலராது. அதிர்ச்சியிலேயே இறந்துவிடும் முயல்களும் உண்டு. அழுக்கான இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்தவும். மழைக்காலத்தில் வாலடியைத் தினமும் பார்ப்பது அவசியம். அங்கே சாணம் ஒட்டியிருந்தால் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

காதின் உள்ளே பழுப்பு நிறப் பொருக்கு கண்டாலும், மூக்கு, காதோரம், நகக்கண் ஆகிய இடங்களில் வெண்மையான செதில் கண்டாலும் அது சொறிப்பூச்சி. பொருக்கைப் பிய்க்கக் கூடாது. நோயுற்ற முயலைத் தனியே வைத்து, கால்நடை மருத்துவர் எடைக்கேற்பச் சொல்லும் மருந்தைத் தரவும். நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்து முயலுக்கு விஷம்.

நம் வெயிலும் முயலும்

கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலும், நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையங்கள் முயலினங்களை வளர்த்து ஆராய்ந்து வந்துள்ளன. அவை குளிர்ந்த மலைப்பகுதிகள். நம் ஊரில் கோடையில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நீண்ட ரோமமுள்ள அங்கோரா இனம் இங்கு ஒத்துவராது. முயல் உடல் சூட்டைக் காது வழியே ஆற்றிக்கொள்கிறது. நடுப்பகலில் அது மூச்சு வாங்கித் துவண்டால் நிழலுக்கு மாற்றி, காதுகளைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைக்கவும்.

காட்டு முயல் வேண்டாம்

குன்றுப் பக்கம் புதரில் தென்படும் குட்டிகளைப் பிள்ளைகள் எடுத்து வருவதுண்டு. அது வேறு இனம். வீட்டு முயலின் குட்டி ரோமமின்றி, கண் மூடிப் பிறக்கும். காட்டு முயலின் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தாய் இருட்டிய பின்னரே பாலூட்ட வரும். தனியே கிடப்பதால் அது அனாதை அல்ல. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

மேற்சொன்ன வீட்டில் மிஞ்சிய முயலுக்கு, இப்போது மாதப் பிறப்பன்று நகம் வெட்டுகிறார்கள். அப்பத்தா துண்டில் சுற்றிப் பிடிக்க, சிறுமி 18 வரை எண்ணி வெட்டுகிறாள். கால் மணி நேர வேலைதான். உங்கள் வீட்டிலும் தமிழ் மாதம் முதல் தேதியை இதற்கென்று குறித்துக்கொண்டால் மறதி வராது.